புதிரும் பிணமும்: 'ட்வின் பீக்ஸ்' தொடரையும் அதன் ரசிகர்களையும் முன்வைத்து

1

1990 ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஒரு பெண்ணின் பிணம் கரை ஒதுங்கியது. பிளாஸ்டிக் தாளில் சுற்றப்பட்ட பிணம். மீன் பிடிக்கப் புறப்பட்ட ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்கிறார். வந்தவர்கள் தாளை விலக்கினால், நீலம் பாரித்த முகம். லாரா பாமர். பள்ளி மாணவி. ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய பெண். அன்றைக்கு அதைப் பார்த்தவர்கள் சுமார் மூன்றரைக் கோடிப் பேர். அடுத்த சில மாதங்களுக்கு 'லாரா பாமரைக் கொன்றது யார்?' என்பது அந்நாட்டின் பொதுக் கேள்விகளில் ஒன்றாகிப்போனது.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடவில்லை. பதில் 1990 நவம்பரிலேயே சொல்லப்பட்டுவிட்டது. கொன்றவன் அவளுடைய அப்பா. கொல்வதற்கு முன்னால், அவள் சிறுமியாக இருந்த காலத்திலிருந்து வல்லுறவு செய்துவந்தவனும் அவன்தான்.

இனிமேல்தான் தொடரைப் பார்க்கலாம் என்று நினைத்திருக்கும் நண்பர்கள், 'சொல்லிக் கெடுத்துட்டியேய்யா' என்று இந்த இடத்தில் கோபப்படக்கூடும். அந்தக் கோபத்தைப் பற்றித்தான் நான் எழுத நினைக்கிறேன். பெற்ற மகளை அப்பன் கொன்றான் என்ற செய்தியைக் கேட்டதும் நமக்கு வருகிற முதல் உணர்வு 'ஏன் முன்னாடியே சொன்னே' என்பதாக இருக்குமானால், அந்த உணர்வு எங்கே, யாரால், எப்படி உற்பத்தி செய்யப்பட்டது?

நானும் இதில் உடந்தை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு நண்பன் பென் டிரைவில் முப்பது பகுதிகளையும் கொண்டுவந்தான். வாடகை அறையில் நாங்கள் நாலு பேர், எல்லாரும் ஆண்கள், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பார்த்தோம். நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டுக் கதாபாத்திரங்களின் பெயர்களை எழுதி, அம்புக்குறி இழுத்து, யார் யாரோடு, யார் எங்கே இருந்தார்கள் என்று கணக்கு வைத்தேன். சில நாள் எங்களோடு வந்து பார்த்த தோழி ஒருத்தி பாதியில் நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டேன். 'அந்த ஆளு பொண்ணோட சவப்பெட்டி மேல விழுந்து அழுதானே, அப்பவே எனக்கு வயித்தைப் புரட்டிடுச்சு. நீங்க என்னடான்னா இன்னும் யாரு யாருன்னு எழுதிக்கிட்டு இருக்கீங்க' என்றாள். அந்தக் காட்சிக்கு நாங்கள் சிரித்திருந்தோம். சிரிக்கும்படியாகத்தான் அது எடுக்கப்பட்டிருந்தது. பெட்டியைக் குழிக்குள் இறக்குகிற இயந்திரம் பழுதாகி, அப்பனோடு சேர்த்து அதை மேலும் கீழும் ஆட்டுகிறது. அதே பகுதியில் உணவுவிடுதிப் பணிப்பெண் ஒருத்தி அதை நடித்துக் காட்டி வாடிக்கையாளர்களைச் சிரிக்கவைக்கிறாள். நாங்கள் அந்த வாடிக்கையாளர்களின் வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

2

ஒரு பிரதி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்காமல் அதன் புதிரைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. 'ட்வின் பீக்ஸ்' இரண்டு பேருடைய படைப்பு. ஒருவர் மார்க் ஃப்ராஸ்ட். 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' என்கிற காவல்துறைத் தொடரில் எழுதி, தொலைக்காட்சியின் இலக்கணத்தை அறிந்தவர். இன்னொருவர் 2025 ஜனவரியில் காலமான டேவிட் லிஞ்ச். 'இரேசர்ஹெட்' (1977), 'ப்ளூ வெல்வெட்' (1986) ஆகிய படங்களின் இயக்குநர். இருவரும் முதலில் சேர்ந்து வேலை செய்தது மர்லின் மன்றோவின் கடைசி நாட்களைப் பற்றிய ஒரு திரைக்கதைக்காக. அந்தப் படம் எடுக்கப்படவில்லை. அழகான, எல்லோராலும் பார்க்கப்பட்ட, யாராலும் அறியப்படாத, இறந்துபோன ஒரு பெண் என்கிற வடிவம் மட்டும் கையில் தங்கிவிட்டது.

இன்னொரு பிணமும் உண்டு. 1908 ஜூலையில் நியூயார்க் மாநிலத்துச் சாண்ட் லேக் பகுதியில் ஒரு குட்டையில் ஹேஸல் ட்ரூ என்கிற இருபது வயதுப் பெண் பிணமாகக் கிடைத்தாள். ட்ராய் நகரத்தில் வசதியான குடும்பங்களின் வீடுகளில் வேலை பார்த்தவள். பத்திரிகைகள் அவளுடைய நட்புகளையும் கடிதங்களையும் உடைகளையும் வாரக்கணக்கில் துருவின. கொன்றது யார் என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை. சிறுவயதில் தன் பாட்டி இதை ஒரு பேய்க்கதை போலச் சொல்லக் கேட்டதாகவும், லாரா பாமரின் விதைகளில் அது ஒன்று எனவும் ஃப்ராஸ்ட் பின்னாளில் சொன்னார்.

இந்த இடமாற்றத்தைக் கவனிக்க வேண்டும். 1908இல் செத்தவள் வீட்டு வேலைக்காரி. 1990இல் செத்தவள் வழக்கறிஞரின் மகள். உழைக்கும் பெண்ணின் சாவு அவளுடைய வட்டாரத்தில் பேய்க்கதையாக மட்டும் உயிரோடு இருந்தது. நடுத்தர வர்க்கத்து வெள்ளைக்காரப் பெண்ணாக உருமாறிய பிறகே ஒரு தேசம் முழுவதும் அவளுக்காகக் கேள்வி கேட்கிறது. தொடருக்குள்ளேயே இதற்கொரு சாட்சி இருக்கிறது. லாராவுக்கு ஓராண்டுக்கு முன்னால் அதே கையால் கொல்லப்பட்டவள் தெரசா பேங்க்ஸ். நிலையான வீடு வாசல் இல்லாத ஏழைப் பெண். 'தெரசா பேங்க்ஸைக் கொன்றது யார்?' என்று ஒரு சட்டையிலும் ஒரு சுவரொட்டியிலும் அச்சடிக்கப்படவில்லை.

தொலைக்காட்சியின் கணக்கையும் சேர்த்துக்கொள்வோம். 1980களின் இறுதியில் அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் கேபிளிடமும் வீடியோவிடமும் பார்வையாளர்களை இழந்துகொண்டிருந்தன. ஏபிசிக்குப் புதுசாக ஏதாவது வேண்டியிருந்தது. கலைப்பட இயக்குநர் ஒருவரைக் குடும்பத் தொடருக்குள் இறக்கிவிடுவது என்பது அந்த நெருக்கடியின் பிள்ளை. கலைக்கு வாய்த்த கருணை என்று அதைக் கொண்டாட வேண்டியதில்லை. அதே நேரத்தில் வெறும் வியாபாரம் என்று தள்ளிவிடவும் முடியாது. நெருக்கடிகள் திறக்கும் இடுக்குகளில்தான் பல நேரங்களில் ஏதாவது நடக்கிறது.

3

துப்பறியும் கதைக்குள் இரண்டு கதைகள் இருப்பதாகத் தோதரோவ் 1966இல் எழுதினார். ஒன்று குற்றத்தின் கதை. அது முடிந்துபோனது, கண்முன் இல்லாதது. மற்றது விசாரணையின் கதை. அது கண்முன் இருப்பது, ஆனால் அதில் எதுவும் நடப்பதில்லை. 1970இல் 'எஸ்/இஸட்' நூலில் ரோலான் பார்த் புதிர்க் குறியீடு என்பதைப் பற்றிப் பேசுகிறார். பிரதி ஒரு கேள்வியை எழுப்புகிறது. பிறகு பொய்த்தடம் காட்டி, பாதி பதில் சொல்லி, வாயடைத்துப்போய் உண்மையை ஒத்திப்போடுகிறது. ஒத்திப்போடுவதுதான் வாசிப்பின் இன்பம்.

இந்த இரண்டையும் தொலைக்காட்சியின் பொருளாதாரத்தோடு சேர்த்துப் படித்தால் வேறொன்று புலப்படும். வாரத் தொடருக்கு ஒத்திப்போடுதல் அழகியல் மட்டுமல்ல, வருமானம். பதிலுக்கும் கேள்விக்கும் நடுவிலுள்ள இடம்தான் விளம்பரதாரருக்கு விற்கப்படுகிறது. பார்வையாளரின் ஆவல் அங்கே சரக்கு. லாராவின் உடல் எத்தனை வாரம் விளக்கமில்லாமல் கிடக்கிறதோ அத்தனை வாரமும் அது சம்பாதிக்கிறது. 1990 செப்டம்பரில் இயக்குநரின் மகள் ஜெனிஃபர் லிஞ்ச் எழுதிய 'லாரா பாமரின் ரகசிய நாட்குறிப்பு' வெளியானது. பன்னிரண்டு வயதிலிருந்து தன்மேல் நடந்ததை ஒரு பெண் எழுதிவைத்த வடிவில் அமைந்த புத்தகம் அது. அதையும் கடைகள் துப்பு கிடைக்கும் புத்தகமாகத்தான் விற்றன, ரசிகர்களும் அப்படித்தான் வாங்கினார்கள். அடுத்த ஆண்டு ஜப்பானில் லிஞ்சே தொடரின் நடிகர்களை வைத்து ஜார்ஜியா என்ற டப்பாக் காப்பிக்கு நான்கு விளம்பரப் படங்கள் எடுத்தார். அதிலும் ஒரு பெண் காணாமல் போகிறாள். துப்பறிவாளன் காப்பி குடித்துக்கொண்டே தேடுகிறான்.

லிஞ்சுக்குப் பதில் சொல்வதில் விருப்பமே இல்லை. கொலையாளி யார் என்பது மெல்லப் பின்னால் போய்விட வேண்டும், ஊரின் வாழ்க்கை முன்னால் வர வேண்டும் என்பது அவர் எண்ணம். நிறுவனம் வற்புறுத்தியது. அப்போது ஏபிசியின் நிகழ்ச்சிப் பிரிவுக்குத் தலைவராக இருந்த பாப் ஐகர், பின்னர் டிஸ்னியின் தலைவராகி 2019இல் எழுதிய நினைவுக் குறிப்பில், முடிவைச் சொல்லும்படி தான் நெருக்கியதை ஒப்புக்கொள்கிறார். இந்தச் சண்டையை 'கலைஞன் எதிர் வணிகன்' என்று மட்டுமே ரசிகர்கள் இன்றுவரை சொல்லிவருகிறார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. புதிர் புதிராகவே இருக்கட்டும் என்று கலைஞன் சொல்லும்போது, அந்த வீட்டுக்குள் நடந்ததற்குப் பெயர் வைக்காமலே விட்டுவிடலாம் என்பதும் அதில் அடங்கித்தானே இருக்கிறது? பெயர் வைக்கும்படி செய்தது, வேறு ஏதோ காரணத்துக்காக, சந்தைதான். வரலாறு சில சமயம் இப்படிக் கோணலாகத்தான் நடந்துகொள்கிறது.

4

ரசிகர்கள் என்றதும் நாம் கட்-அவுட்டையும் பாலாபிஷேகத்தையும் நினைத்துவிடக் கூடாது. இவர்கள் வேறு வகை. கையில் வீடியோ ரெக்கார்டர் வைத்திருந்தவர்கள். தொடரைப் பதிவு செய்து, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சட்டகமாகப் பார்த்தவர்கள். பல்கலைக்கழகங்களின் கணிப்பொறிகளை இணைத்த யூஸ்நெட் வலையில் ஒரு குழு அமைத்துக்கொண்டு இரவோடு இரவாகத் துப்புகளைப் பரிமாறிக்கொண்டவர்கள். இவர்களை ஆராய்ந்த ஹென்றி ஜென்கின்ஸின் கட்டுரை 1995இல் 'ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்' என்ற தொகுப்பில் வந்தது. அந்தக் குழுவில் பெரும்பாலோர் ஆண்கள், தொழில்நுட்பம் படித்தவர்கள் என்கிறார் அவர். லிஞ்சை அவர்கள் தந்திரக்கார ஆசிரியனாகக் கற்பிதம் செய்துகொண்டார்கள். எங்கேயோ திறவுகோலை ஒளித்துவைத்திருக்கிறான், நாம் கண்டுபிடித்தால் அவனை ஜெயித்துவிடலாம் என்பது அவர்களுடைய வாசிப்பு.

ஜென்கின்ஸ் இன்னொன்றும் கவனிக்கிறார். அப்பன்-மகள் உறவு, மனக்குழப்பம், காதல், குடும்ப ரகசியம் முதலியவற்றைப் பற்றிப் பேச அந்த ஆண்களுக்குப் புதிர் ஒரு அனுமதிச் சீட்டாக இருந்தது. சாதாரணக் குடும்பத் தொடர் என்றால் 'பொம்பளைங்க பாக்கறது' என்று ஒதுக்கியிருப்பார்கள். இங்கே துப்பறிகிறோம் என்ற சாக்கில் அதே விஷயங்களைப் பேசலாம். ஆகவே புதிர் மறைக்க மட்டும் செய்யவில்லை, ஒரு கதவையும் திறந்தது. ஆனால் திறந்த கதவு வழியாக உள்ளே போனவர்கள் என்ன பேசினார்கள் என்பது தனிக் கேள்வி. வல்லுறவு அங்கே ஒரு துப்பாகப் பேசப்பட்டது. லாராவின் உடம்பில் நடந்தது கணக்கில் ஒரு படி.

ரசிகர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1991 பிப்ரவரியில் தொடர் காலவரையின்றி நிறுத்தப்பட்டபோது 'கூப்' என்ற பெயரில் ஒரு அமைப்பு எழுந்தது. 'பீக்ஸ் ஒழிக்கப்படுவதை எதிர்க்கும் குடிமக்கள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது, துப்பறிவாளன் கூப்பரின் செல்லப் பெயரும்கூட. ஆயிரக்கணக்கான கடிதங்கள் ஏபிசிக்குப் போயின. மார்ச் 28இல் தொடர் திரும்ப வந்தது. ஜூன் 10இல் முடிந்தது. 1992இல் கிரெய்க் மில்லர், ஜான் தார்ன் என்கிற இருவர் 'ராப்ட் இன் பிளாஸ்டிக்' என்ற பத்திரிகையைத் தொடங்கி 2005 வரை 75 இதழ்கள் கொண்டுவந்தார்கள். பதிமூன்று ஆண்டுகள், இரண்டு ஆசிரியர்கள், முடிந்துபோன ஒரு தொடர். சிற்றிதழ் நடத்திய யாருக்கும் இந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்று தெரியும். பத்திரிகைக்கு அவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள். 'பிளாஸ்டிக்கில் சுற்றப்பட்டு' என்று பொருள். பிணம் கண்டவர் தொலைபேசியில் சொல்லும் வார்த்தைகள் அவை. அவள் பெயர் அல்ல, அவள் கிடந்த நிலைதான் ரசிகர்களை இணைத்த அடையாளச் சொல்.

5

1990 நவம்பர் 10. லிஞ்ச் இயக்கிய பகுதி. லாராவின் அப்பா லீலண்ட் பாமர் கண்ணாடியில் பார்க்கிறான். கண்ணாடியில் பாப் என்கிற நீண்ட நரைமுடிக்காரனின் முகம். அந்த முகம் தொடருக்குள் வந்த கதையே ஒரு விபத்து. அரங்கப் பொருட்களை அடுக்கிக்கொண்டிருந்த ஃப்ராங்க் சில்வா என்ற தொழிலாளியின் உருவம் படப்பிடிப்பின்போது ஒரு கண்ணாடியில் விழுந்துவிட, லிஞ்ச் அதை வைத்துக்கொண்டார். அடுத்த சில நிமிடங்களில் லீலண்ட், லாராவின் ஒன்றுவிட்ட சகோதரி மேடியைக் கொல்கிறான். லாராவின் பிணமாக நடிப்பதற்காக மட்டும் சியாட்டிலிலிருந்து அழைத்துவரப்பட்ட ஷெரில் லீ என்ற நடிகைதான் மேடி. பிணம் எழுந்து வந்து இன்னொரு முறை சாகிறது. அதே இரவில் ஊர் மதுவிடுதியில் ஒரு பெண் பாடிக்கொண்டிருக்கிறாள். அங்கே உட்கார்ந்திருக்கும் லாராவின் தோழி திடீரென்று அழுகிறாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது. அமெரிக்கத் தொலைக்காட்சி அதுவரை காட்டியவற்றில் தாங்க முடியாத இரவுகளில் அது ஒன்று. அங்கே புதிர் இல்லை. ஒரு வீட்டின் கூடம், ஒரு ஆண், ஒரு பெண், அவ்வளவுதான்.

ஆனால் டிசம்பர் 1இல் வந்த பகுதி இதையெல்லாம் சரிக்கட்டிவிடுகிறது. சிறையறையில் லீலண்ட் சாகும்போது பாப் அவனை விட்டுப் போகிறான். இவனுக்கு ஒன்றுமே தெரியாதாம், உள்ளே இருந்த அவன்தான் எல்லாம் செய்தானாம். துப்பறிவாளன் கூப்பர் அவன் தலையைத் தாங்கிப் பிடித்து வெளிச்சத்துக்கு வழிகாட்டுகிறான். அந்த வெளிச்சத்தில் லாராவைப் பார்ப்பதாக அவன் சொல்கிறான்.  பிறகு காட்டோரத்தில் நான்கு ஆண்கள் நின்று, பாப் நிஜமா, இல்லை மனிதன் செய்யும் தீமைக்கு அது ஒரு பெயரா என்று தத்துவம் பேசுகிறார்கள். அந்த விவாதத்தில் ஒரு பெண்கூட இல்லை. மனைவியும் தாயுமான சேரா எங்கே என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நம்மூரில் பேய் பிடிப்பது பெரும்பாலும் பெண்ணுக்கு. பேய் பிடித்தவள்தான் அடியும் வாங்குவாள். இங்கே ஆணுக்குப் பிடிக்கிறது, விடுதலை கிடைக்கிறது. அப்பன் என்கிற அதிகாரத்தின் மேல் நின்றிருக்க வேண்டிய குற்றம், ஊருக்கு வெளியே காட்டிலிருந்து வந்த ஆவியின் மேல் போய்விடுகிறது. குடும்பம் தப்பித்துக்கொள்கிறது. ரசிகர்களுக்கும் இது வசதியாகப் போயிற்று. இனி அப்பனைப் பற்றிப் பேச வேண்டாம், ஆவி எங்கிருந்து வந்தது என்று ஆராயலாம்.

6

ஆவி எங்கிருந்து வந்தது? தொடரில் பதில் சொல்பவன் ஹாக். மைக்கேல் ஹார்ஸ் நடித்த, அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்த காவலர். வெள்ளைக் கூடம், கருப்புக் கூடம் என்று இரண்டு உண்டு, ஆவிகள் வசிப்பவை, தன் மக்கள் அப்படி நம்புகிறார்கள் என்கிறான். ஆனால் ஃப்ராஸ்ட் சொன்னதன்படி அந்தக் கூடங்கள் பூர்வகுடி மரபிலிருந்து வரவில்லை. பிரம்மஞானிகள் எழுதிய, அவர்கள் வழி வந்தவர்கள் எழுதிய நூல்களிலிருந்து வந்தன. பிற்பகுதியில் வரும் வில்லன் 'தக்பா' என்று திபெத்திய மந்திரவாதிகளைப் பற்றிப் பேசுகிறான். அந்தச் சொல்லுக்குச் சூனியக்காரன் என்று பொருள் ஏற்றிப் பரப்பியவர் பிளவாட்ஸ்கி. திபெத்திய பௌத்தத்தில் அது ஒரு மரியாதையான மரபின் பெயர்.

பிளவாட்ஸ்கியும் ஆல்காட்டும் 1882இல் தங்கள் சபையின் தலைமையகத்தைப் பம்பாயிலிருந்து எங்கே கொண்டுவந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அடையாறு. கிழக்கிலிருந்து எடுத்து, அடையாற்றிலிருந்து உலகெங்கும் அனுப்பிய ஒரு கற்பனை, நூறாண்டு கழித்து வாஷிங்டன் மாநிலத்துக் காட்டுக்குப் போய், அங்குள்ள பூர்வகுடி மனிதனின் வாயில் 'என் மக்களின் நம்பிக்கை' என்று பேசுகிறது. மற்றமை என்று நாம் கட்டுரைகளில் எழுதுவது இப்படித்தான் உற்பத்தியாகிறது. எந்த மற்றவனுடைய வாயாக இருந்தாலும் பரவாயில்லை, வார்த்தைகள் நம்முடையவையாக இருந்தால் போதும்.

அந்த மண்ணுக்குச் சொந்தமான நம்பிக்கை வேறு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு வாரமும் தொடக்கக் காட்சியில் ஒரு அருவி விழுகிறதே, அது சியாட்டிலுக்குக் கிழக்கே உள்ள ஸ்னோக்வால்மி அருவி. 268 அடி. ஸ்னோக்வால்மி மக்களின் தோற்றக் கதைகள் அந்த அருவியோடு பிணைந்தவை, அதன் சாரல் பிரார்த்தனைகளைச் சுமந்து செல்வதாக அவர்கள் நம்புகிறார்கள். 1855இல் பாயின்ட் எலியட் ஒப்பந்தம் நிலத்தை வாங்கிக்கொண்டது. 1890களின் கடைசியில் அருவிக்குப் பக்கத்தில் பாறையைக் குடைந்து மின் நிலையம் கட்டினார்கள். 1953இல் கூட்டாட்சி அரசின் அங்கீகாரமும் பறிபோனது. 'ட்வின் பீக்ஸ்' ஒளிபரப்பான 1990இல், சட்டத்தின் கண்ணில் ஸ்னோக்வால்மி என்றொரு பழங்குடியே கிடையாது. 1999இல்தான் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. 2009இல் அருவி அவர்களுடைய மரபுப் பண்பாட்டு இடமாகத் தேசியப் பதிவேட்டில் ஏறியது.

1990களின் தொடக்கத்திலிருந்து ரசிகர்கள் அங்கே ஆண்டுதோறும் விழா நடத்திவந்தார்கள். நார்த் பெண்டில் உணவுவிடுதியில் காப்பியும் செர்ரி பையும், அருவியின் தலைமாட்டிலுள்ள விடுதியின் முன்னால் ஒரு படம். அந்த விடுதிதான் தொடரில் வரும் ஓட்டல். தொடரில் அதன் முதலாளி பெஞ்சமின் ஹார்ன், லீலண்ட் அவனுடைய வழக்கறிஞன். ஒவ்வொரு சட்டகத்தையும் நிறுத்திப் படித்தவர்கள், அர்த்தம் பொதிந்தது என்று காப்பிக் கோப்பையைக்கூட விடாமல் ஆராய்ந்தவர்கள், தொடக்கக் காட்சியில் வாராவாரம் விழுந்த அருவிக்கு அர்த்தம் கேட்டார்களா? பெரும்பாலும் இல்லை. குறிகளைத் தேடியவர்களுக்கு நிலம் குறியாகத் தெரியவில்லை. 2019இல் ஸ்னோக்வால்மி மக்கள் 12 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து அந்த விடுதியையும் சுற்றியுள்ள நிலத்தையும் வாங்கினார்கள். தங்கள் கோயிலைச் சந்தை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது என்று இதைப் படிக்கலாம். ஆனாலும் ரசிகர்கள் இன்று படம் எடுத்துக்கொள்ளும் அந்த ஓட்டலின் உரிமையாளர் ஹார்ன் அல்ல என்பது எனக்குச் சின்ன சந்தோஷம்.

7

1992 மே, கான் திரைப்பட விழா. லிஞ்ச் 'ஃபயர் வாக் வித் மி' படத்தோடு வந்தார். தொடரில் விட்ட புதிர்களுக்கு விடை கிடைக்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். படமோ பின்னால் போனது. லாரா சாவதற்கு முந்தைய ஏழு நாட்கள். அதுவரை புகைப்படமாகவும் பிணமாகவும் ஒலிநாடாவில் குரலாகவும் மட்டும் இருந்தவள் இப்போது நடக்கிறாள், பள்ளிக்குப் போகிறாள், வீட்டுக்கு வரப் பயப்படுகிறாள். பாப்பின் முகம் அப்பாவின் முகமாக மாறுவதைத் தன் கண்ணாலேயே பார்க்கிறாள். சாப்பாட்டு மேசையில் கை கழுவவில்லை என்று அப்பன் அவள் விரலைப் பிடித்து நகத்தை ஆராய்கிற காட்சி வரும். எந்த ஆவியும் இல்லாத காட்சி. படத்திலேயே அதிகம் பயமுறுத்துவது அதுதான்.

விமர்சகர்கள் கிழித்துப்போட்டார்கள். அமெரிக்காவில் வசூல் சுமார் 42 லட்சம் டாலர், அவ்வளவுதான். ரசிகர்களில் பலரும் கைவிட்டார்கள். காப்பி இல்லை, நகைச்சுவை இல்லை, கூப்பர் கொஞ்ச நேரம்தான், புதிதாகத் துப்பும் இல்லை என்றார்கள். தோதரோவின் சொற்களில் சொன்னால், விசாரணையின் கதையை எடுத்துவிட்டுக் குற்றத்தின் கதையை அப்படியே முன்னால் வைத்தது படம். வைத்ததும் ஆட்கள் எழுந்து போய்விட்டார்கள். மூன்றரைக் கோடிப் பேர் கேட்டது லாராவுக்கு என்ன நடந்தது என்பதை அல்ல என்று அன்றைக்குத் தெரிந்தது.

போகாதவர்களும் இருந்தார்கள். வீட்டுக்குள் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் இந்தப் படத்துக்காகத் தன்னிடம் நன்றி சொன்னதை ஷெரில் லீ பேட்டிகளில் பேசியிருக்கிறார். பெண்ணிய விமர்சகர்களிடம் லிஞ்சைப் பற்றிக் கடுமையான கேள்விகள் இருந்தன. பெண் உடலின் சித்திரவதையைக் கண்டிக்கிறாரா, ரசிக்கிறாரா என்பது இன்றும் தீராத வழக்கு. தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் 'ராப்ட் இன் பிளாஸ்டிக்' போன்ற சிறு பத்திரிகைகளில் அந்தப் படம் திரும்பத் திரும்பப் படிக்கப்பட்டது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் மதிப்பீடு தலைகீழாயிற்று. இன்று அதை லிஞ்சின் மிகச் சிறந்த படங்களில் ஒன்று என்பவர்கள் ஏராளம். ஆகவே 'ரசிகர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் குறைந்தது இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒன்று, யார் என்று கேட்டது. இன்னொன்று, அவளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டது. முதல் கூட்டத்தின் சத்தத்தில் இரண்டாவது கூட்டத்தின் குரல் கேட்க இத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது.

8

1991இல் லாராவின் உருவம் கூப்பரிடம் 25 ஆண்டு கழித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தது. 2017 மே 21இல் மூன்றாவது பருவம் தொடங்கியது, 18 பகுதிகள். இடையில் 2015இல் பணத் தகராறில் லிஞ்ச் விலகினார், நடிகர்கள் காணொளி வெளியிட்டார்கள், ரசிகர்கள் குரல் கொடுத்தார்கள், அவர் திரும்ப வந்தார்.

அதன் கடைசி இரண்டு பகுதிகள் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். துப்பறிவாளன் கூப்பர் காலத்தில் பின்னோக்கிப் போய், கொலை நடக்கும் முன்பே லாராவைக் கைப்பிடித்து அழைத்துப்போகிறான். பிளாஸ்டிக்கில் சுற்றிய உடல் கரையிலிருந்து மறைந்துபோகிறது. துப்பறிதலின் உச்சக் கனவு அது. குற்றத்தைக் கண்டுபிடிப்பது போதாது, நடக்காததாகவே ஆக்கிவிட வேண்டும். ஆனால் அவள் அவன் கையிலிருந்து நழுவிவிடுகிறாள். பிறகு டெக்ஸாஸில் வேறு பெயரில், நடுவயதில், அவளைப் போலவே ஒருத்தி. அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஓட்டி அந்தப் பழைய வீட்டுக்குக் கூட்டிவருகிறான்.   கதவைத் திறப்பது யாரோ. தெருவில் நின்று அவன், இது எந்த வருஷம் என்று குழம்புகிறான். அவளுக்கோ வீட்டுக்குள்ளிருந்து அம்மா கூப்பிடும் குரல் கேட்கிறது. அலறுகிறாள். விளக்குகள் அணைகின்றன. முடிந்தது.

அந்த அலறலுக்கு மறுநாளே கோட்பாடுகள் கிளம்பின. 17ஆம் பகுதியையும் 18ஆம் பகுதியையும் இரண்டு திரைகளில் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் விடை கிடைக்கும் என்று ஒரு தரப்பு. நானும் ஓடவிட்டுப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், சுவாரசியமாகத்தான் இருந்தது. பாதியில், ஒரு திரையில் ஒருத்தி அலறப் போகிறாள் என்று தெரிந்தும் மற்ற திரையில் எது பொருந்துகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேனே என்று உறைத்தது. கணிப்பொறியை மூடிவிட்டேன்.

இந்தக் கட்டுரைக்காகப் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு பெயர்கள், குறுக்கும் நெடுக்குமாக அம்புகள், சிவப்பு மையில் கேள்விக்குறிகள். இரண்டாம் பக்கத்தில், சவ அடக்கக் காட்சி பார்த்த ராத்திரி, லீலண்ட் பாமர் என்ற பெயரை நானே அடித்துவிட்டிருக்கிறேன். பக்கத்தில் என் கையெழுத்தில் காரணமும் எழுதியிருக்கிறது: 'அப்பா. அழுகிறார். இவர் இல்லை.'